பழைய ஆர்பிஜி கேம திரும்ப ஆடப் போறீங்களா, முதல்ல இத பாருங்க

ஆர்பிஜின்னா நாமளே ஒரு கேரக்டரா மாறி, அதோட திறமைய வளத்து ஆடற கேம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சிடி வாங்கி ஆடின அந்த கேம் எல்லாம் இப்ப ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடை சேல்ல சல்லிசா கிடைக்குது, நம்மளும் ஆசையா வாங்கிடறோம், டைட்டில் மியூசிக் கேட்டதும் புல்லரிக்குது, அரை மணி நேரத்துல கடுப்பாகி அன்இன்ஸ்டால் பண்ணிடறோம். கேம் மேல தப்பில்லங்க, இப்போத்த கேம் பழக்கத்துல கை ஓடுது, அதான் பிரச்சனை.

2002ல வந்த மாரோவிண்டயே எடுத்துக்கோங்க. கத்தி நண்டு மேல நல்லாவே படுது, ஆனா மிஸ்ஸுன்னு காட்டும். உள்ளுக்குள்ள தாயக்கட்ட உருட்டுற மாதிரி கணக்கு ஓடுது, ஆயுத ஸ்கில் எவ்ளோ, கீழ இருக்கற பச்ச பார் எவ்ளோன்னு பாத்துதான் அடி விழும். ஓடினா அந்த பச்ச பார் காலியாயிடும், அதனால சண்டைக்கு முன்னாடி கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிட்டு போங்க. லாங் பிளேட் (நீள வாள்) ஸ்கில் எடுத்துட்டு ஆரம்பத்துல கிடைக்கற குட்டிக் கத்திய வெச்சு அடிச்சா வேலைக்காகாது, அதுக்கு ஷார்ட் பிளேட் ஸ்கில் வேணும். மேப்ல அம்புக்குறியும் கிடையாது, வழி சொல்றத ஜர்னல்ல படிச்சுதான் போகணும் (எனக்கு இதுதான் செம ஜாலி).

1998ல வந்த பால்டர்ஸ் கேட் கேம்னா ஆர்மர் கிளாஸ் நம்பர் (எதிரி அடி நம்ம மேல படறது எவ்ளோ கஷ்டம்னு காட்டறது) குறைய குறையதான் நல்லது, ஏத்திடாதீங்க. லெவல் ஒண்ணுல மந்திரவாதி ஒரே அடிக்கு காலி, க்விக் சேவ் போட்டுக்கிட்டே இருங்க.

பெரிய மானிட்டர்னா மாரோவிண்ட ஓட்டறதுக்கு ஓப்பன்எம்டபிள்யூங்கற புது இன்ஜின் சாஃப்ட்வேர் போடுங்க, ஃப்ரீதான், ஆனா ஒரிஜினல் மாரோவிண்ட் ஃபைல் உங்ககிட்ட இருக்கணும்.