குளிரைவிட உப்பு: பனிக்காலத்தில் நாயின் பாதங்களுக்கு நாம் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவில் டிசம்பர் பிறந்ததும் நாய் வளர்க்கும் நம்மவர்களுக்கு ஒரு கவலை தொற்றிக்கொள்ளும்: "பாவம், வெறுங்காலோடு பனியில் நடக்குதே!" கவலை நல்லதுதான். ஆனால் பனியை மட்டும் பார்த்துப் பயந்து, அதைவிடப் பொல்லாததைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

நாயின் பாதத்தில் நாடிகளும் நாளங்களும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. கீழே இறங்கும் சூடான இரத்தம், குளிர்ந்து மேலேறும் இரத்தத்தை வழியிலேயே சூடாக்கி அனுப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் இந்த அமைப்பை விளக்கினார்கள். அதனால் ஆரோக்கியமான, வளர்ந்த நாய் மைனஸ் 5 பாகையில் சுத்தமான பனியில் அரை மணி நேரம் நடப்பது பெரிய விஷயமில்லை. குட்டிகள், வயதானவை, சிவாவா போன்ற சின்ன உடம்புக்காரர் கணக்கு வேறு. அவற்றுக்கு நேரத்தைக் குறைத்துவிடுங்கள்.

பொல்லாதது உப்பு. நடைபாதையிலும் அடுக்குமாடி வாசல்களிலும் கொட்டுகிற கல்லுப்பு விரல்களுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். கூரான விளிம்புகள் தோலைக் கீறும், கீறிய இடம் உப்புப் பட்டு எரியும். இன்னொன்றும் உண்டு. உப்புக் கலந்த பனிச்சேறு பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாமல் திரவமாகவே இருக்கும். உலர்ந்த பனியைத் தட்டிவிடலாம். மைனஸ் 8 பாகையில் ஓடுகிற உப்புத்தண்ணீர் ஒவ்வோர் இடுக்கிலும் புகுந்து ஒட்டிக்கொள்ளும். இன்னும் கடுங்குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது என்பதால் கல்சியம் குளோரைட்டைப் போடுவார்கள். அது தண்ணீரில் கரையும்போதே சூட்டை வெளிவிடும். ஈரப் பாதத்தில் அது ஒட்டினால் நாய் ஏன் திடீரென்று மூன்று காலில் நொண்டுகிறது என்பது விளங்கும். "குளிர் தாங்காமல் காலைத் தூக்குது" என்று நினைத்து வீட்டுக்கு அவசரமாக இழுத்து வராமல், அங்கேயே குனிந்து விரல் இடுக்கைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடக்கும் தவறுதான் பெரியது என்பேன். உலர்ந்த துவாயால் நாலு காலையும் ஒருமுறை ஒற்றிவிட்டு விட்டுவிடுகிறோம். உப்பு இடுக்கிலேயே இருக்கும், நாய் ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு அதை நக்கியே தீர்க்கும். உப்பு கொஞ்சம் உள்ளே போனால் வாந்தி, வயிற்றோட்டம், தீராத தாகம். அதிகம் போனால் நடுக்கமும் வலிப்பும். வாசலில் ஒரு சின்ன வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு காலாக அமிழ்த்திக் கழுவி, விரல்களுக்கு நடுவே ஈரம் போகத் துடைத்தால் போதும். அடிவயிற்றையும் மறக்க வேண்டாம், குட்டைக்கால் நாய்களுக்கு அங்கேயும் உப்பு ஏறியிருக்கும். சவர்க்காரம் தேவையில்லை. சுடுதண்ணீர் கூடவே கூடாது.

பாதம் வெளிறி, சாம்பலாகி, தொட்டால் கல்லுப்போலக் குளிர்ந்து கிடந்தால் அது உறைபனிப் புண்ணாக இருக்கலாம். அப்போது தேய்ப்பதும், முடி உலர்த்தியைப் பிடிப்பதும், ஹீற்றருக்கு முன்னால் படுக்க வைப்பதும் காயத்தைக் கூட்டும். இளஞ்சூட்டு நீரில் மெல்ல வைத்துவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். நம் வீட்டு அலுமாரியில் உள்ள வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். இபுபுரோஃபென் நாய்க்கு நஞ்சு.

பூச்சுகளில் நம் வீட்டு முதல் மருந்து தேங்காய் எண்ணெய். நக்கினால் பெரிய கேடில்லை, ஆனால் நடக்கப் போகுமுன் பூசினால் சில அடிகளிலேயே அது போய்விடும், வீட்டுத் தரையில் வழுக்கவும் செய்யும். வெளியே போகுமுன் மெழுகு சேர்ந்த பாதப் பூச்சு நல்லது. எண்ணெயை வேண்டுமானால் இரவில், ஹீற்றர் காற்றில் காய்ந்து வெடித்த பாதத்துக்குக் கொஞ்சமாகப் பூசலாம். குழந்தைகளின் நாப்பிப் புண்ணுக்குப் போடும் சிங்க் ஒக்சைட் கிறீமையும் தேயிலை மர எண்ணெயையும் நாயின் காலில் பூசவே கூடாது.

சப்பாத்து போட வேண்டுமா? உப்பு கொட்டிய தெருக்களில் அதைப்போல நல்லது வேறில்லை. அலாஸ்காவின் இடிட்டரோட் நாய்வண்டி ஓட்டத்தில், பனியிலேயே வளர்ந்த வண்டி நாய்களுக்கும், நாய் ஒன்றுக்கு எட்டுப் பாதச் சப்பாத்துகள் கைவசம் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் பிழை விடுவது அளவில். "லாப்ரடோர், அப்போ லார்ஜ்" என்று வாங்கக் கூடாது. நாய் நிற்கும்போது, பாரம் விழுந்து விரிந்த பாதத்தை அளக்க வேண்டும். முன்கால் பின்காலைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். கழன்றுவிடும் என்று பட்டியை இறுக்கினால் இரத்தம் ஓடாது, குளிர் இன்னும் ஏறும். உள்ளே பனி புகுந்த சப்பாத்து வெறுங்காலைவிட மோசம். பிள்ளைகளின் பழைய காலுறையைப் போடுவது அதைவிட மோசம், அது சேற்றைக் குடித்து உறைந்துவிடும். முதல்நாளே வாசலில் நாலையும் மாட்டிக் கொக்குநடை பார்த்துச் சிரிக்காமல், வீட்டுக்குள்ளே கொஞ்ச நேரம், தின்பண்டத்தோடு பழக்குங்கள்.

நீளமுடி நாய்களுக்கு விரலிடை முடியில் பனி உருண்டு கட்டிக்கொள்ளும். பாதமட்டத்துக்கு வெட்டிவிடுங்கள், கூர்க் கத்தரிக்கோல் வேண்டாம். ஐஸ் கட்டியைப் பிய்த்து எடுக்காதீர்கள், கரையவிடுங்கள்.

உங்கள் சொந்த வீட்டு வாசலுக்கு உப்பைவிட மணல் போடலாம். பிடிமானத்துக்கு அது போதும். பையில் நாய்ப் படம் போட்டிருப்பதால் மட்டும் அந்த உப்பு முழுக்கப் பாதுகாப்பென்று நம்பாமல், என்ன சேர்ந்திருக்கிறது என்று வாசியுங்கள். கராஜ் தரையில் காரிலிருந்து சொட்டியிருக்கும் உறைதடுப்பித் திரவத்தை மட்டும் ஒருநாளும் விட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். அதில் மிதித்து நக்கிய நாய் வெறிகாரன் போலத் தள்ளாடும், பிறகு தெளிந்ததுபோலத் தோன்றும், அதற்குப் பிறகு சிறுநீரகம் போய்விடும். தெளிந்துவிட்டது என்று காலைவரை காத்திருக்க நேரமில்லை.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. 2008-09 பனிக்காலத்தில் ரொறன்ரோத் தெருவில் மின்சாரம் தாக்கி நாய்கள் செத்தன. தெருவிளக்குக்கு அருகிலுள்ள உலோக மூடிகளில் மின் கசிந்திருந்தது. மின்சார நிறுவனமான ரொறன்ரோ ஹைட்ரோ நகரெங்கும் அவற்றைச் சோதித்தது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நனைந்த சப்பாத்து அதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. ஈரமான நாட்களில் கம்பங்களையும் உலோக மூடிகளையும் சுற்றிப் போங்கள். நாய் அங்கே திடீரென்று அலறித் துள்ளினாலோ விழுந்தாலோ, பதறிப்போய்க் கையால் தூக்காமல், உலர்ந்த வாரைப் பிடித்து அதை அப்பால் இழுத்துவிட்டு 911ஐ அழையுங்கள்.