சூடேறிய பிக்கப் மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால்

காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும் பழைய பெட்ரோல் பிக்கப், நண்பகலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் அடம் பிடிக்கும். இந்தப் பழுதில் உள்ள பெரிய சிக்கல், வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துச் செல்வதற்குள் இன்ஜின் ஆறிவிடுவதும், அங்கே சாவியைத் திருப்பியவுடன் ஒன்றுமே நடக்காததுபோல் அது ஓடத் தொடங்குவதும்தான். அதன்பின் ஊகத்தில் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரையும். ஆகவே ஓட்டுபவரே, நின்ற இடத்திலேயே, சூடு தணிவதற்குள் காரணத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்ஜின் ஓடும்வரை ரேடியேட்டர் ஃபேனும் சுற்றிவரும் தண்ணீரும் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. சாவியை அணைத்ததும் அவை நின்றுவிடுவதால், இன்ஜினோடு ஒட்டிய குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்ப்புரேட்டர் அடுத்த பத்து முதல் இருபது நிமிடங்களில், இன்ஜின் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடேறுகிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். இப்போது அதில் கலக்கப்படும் எத்தனாலும் தனியாக 78 டிகிரியில் கொதிப்பதுதான் என்றாலும், பெட்ரோலுடன் சேரும்போது கலவை எளிதில் ஆவியாவதற்கு அது துணைபோகிறது. அணைத்த இரண்டு நிமிடத்திலும் இரண்டு மணி நேரம் கழித்தும் ஒழுங்காக எடுக்கும் வண்டி இடைப்பட்ட நேரத்தில் மட்டும் மறுத்தால், வெப்பத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் காதால் கேளுங்கள். செல்ஃப் மோட்டார் வழக்கமான வேகத்தில் சுற்றாமல் இழுத்து இழுத்துச் சுற்றினால், கார்ப்புரேட்டரைத் தொடவே வேண்டாம். பேட்டரி டெர்மினல், செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிள், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை ஆகிய மூன்றையும் பாருங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எண்ணூர், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று எர்த் பட்டையின் அடியில் துருவைப் படியவைப்பதால், வெளியில் பளபளப்பாகத் தெரியும் போல்ட்டையும் ஒரு முறை கழற்றித் தேய்த்துப் பூட்டுவது வீண்வேலை ஆகாது.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் கார்ப்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். அருகில் பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. தீயணைப்பு சிலிண்டரோ ஒரு வாளி மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உட்சுவர் நனைந்து, நாசிலிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் வடிந்தால், அது ஓவர்ஃப்ளோ, அதாவது தேவைக்கு மேல் பெட்ரோல் வழிவது. சுவர் காய்ந்திருந்தால், ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் ஒரு முறை இழுங்கள்: மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால், கார்ப்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறை காலி. ஏசி பம்ப்பிலோ (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்ப்) பைப்பிலோ பெட்ரோல் ஆவி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று சொல்வது இதைத்தான்.

ஓவர்ஃப்ளோ ஆன வண்டியில் பெரும்பாலோர் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுகிறார்கள். ஒவ்வொரு மிதியும் உள்ளே இன்னும் பெட்ரோலைச் சேர்க்கிறது. மாறாக, சோக் முழுவதும் திறந்திருப்பதை உறுதிசெய்து, மூடியைத் திரும்பப் பொருத்தி, மிதியை அடிவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். ஏர் லாக் என்றால், ஈரத்துணியை ஏசி பம்ப் மீதும் அதன் பைப் மீதும் சுற்றிவைத்து ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். சூடான மேனிஃபோல்டில் தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பியிருந்த ஒரு ஜூன் மாதத்தில், காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் என் வண்டியை அணைத்தேன். டேங்கர் ரயில் ஊர்ந்து போய், கேட் திறந்தபோது வண்டி எடுக்கவில்லை. பின்னால் நின்ற கன்டெய்னர் லாரிக்காரர் இறங்கி வந்து, “அண்ணே, பம்ப் போயிடுச்சு, மாத்திடுங்க” என்றார். மூடியைத் திறந்து பார்த்தால் நாசில் சொட்டிக்கொண்டிருந்தது. பம்ப்பின் மீது குற்றமே இல்லை. வீட்டுக்கு வந்து கார்ப்புரேட்டரை இறக்கியபோதுதான், அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, சூடு மேலே ஏறாமல் தடுக்க இருக்க வேண்டிய தடித்த பேக்கலைட் கட்டை காணாமல்போய், அந்த இடத்தில் ஒரு மெல்லிய காகிதப் பேக்கிங் இருப்பது தெரிந்தது. முன்பு வேலை பார்த்தவர் அதை வேண்டாத பொருள் என்று நினைத்திருக்க வேண்டும். புதுப்பேட்டையில் தேடி அந்தக் கட்டையை வாங்கிப் போட்ட பிறகு தொல்லை தீர்ந்தது.

கட்டை சரியாக இருந்தும் ஓவர்ஃப்ளோ தொடர்ந்தால், ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வின் முனையில் தேய்ந்த வளையம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த அறையில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டி, உள்ளே பெட்ரோல் புகுந்து சலசலக்கிறதா என்று கேளுங்கள். ஃப்ளோட்டின் உயரத்தை அந்தந்தக் கார்ப்புரேட்டருக்குரிய அளவில் வையுங்கள். ஏர் லாக் திரும்பத் திரும்ப வந்தால், பெட்ரோல் பைப் சைலன்சர் குழாயை உரசிக்கொண்டு போகிறதா என்றும், பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறித் தொளதொளத்துப் பம்ப் இழுக்கும்போது சப்பையாகிறதா என்றும் பார்க்க வேண்டும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் விலை சற்றுக் கூடுதல்தான்; அதில் மிச்சம்பிடிக்க வேண்டாம்.

தொண்டையும் சரி, பீய்ச்சலும் சரி என்றால் மிஞ்சுவது மின்பொறி. ஏர் ஃபில்டரை மூடி, பெட்ரோல் வாடை போன பிறகு, ஒரு உதிரி பிளக்கை வயரில் மாட்டி, கார்ப்புரேட்டரிலிருந்து விலக்கி இன்ஜின் இரும்பில் பதித்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி நீலமாக, சுள்ளென்று விழ வேண்டும். மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால், இக்னிஷனை அணைத்து, காயிலின் உடம்பில் மட்டும் ஈரத்துணியைச் சுற்றுங்கள். மேல்முனையில் ஈரம் படக் கூடாது. ஆறியதும் பொறி திரும்பினால் காயிலே காரணம். திரும்பாவிட்டால் கண்டென்சரை மாற்றி, காயிலுக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிபி பாயிண்டின் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டரில் வையுங்கள். பம்ப்பையும் காயிலையும் ஒரே நேரத்தில் குளிரவைத்தால் வண்டி ஓடும், ஆனால் எதனால் ஓடியது என்பது தெரியாமலே போய்விடும்.

பழுது நீங்கியதா என்பதை மாலை நேரத்தில் சோதிக்கக் கூடாது. பகல் ஒரு மணிக்கு, திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டி, பானெட்டைத் திறக்காமல் நிறுத்தி, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுங்கள். இப்படி மூன்று முறையும் மிதியைத் தொடாமலே எடுத்தால், கருவிப்பெட்டியை மூடிவிடலாம்.