முழங்கால் வலியால் நடக்க முடியவில்லையா? எடை குறைய உங்களுக்கு ஏற்ற உணவு முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்ததும் மருத்துவர் முதலில் சொல்வது, "எடையைக் குறைங்கம்மா." எப்படி என்று கேட்டால், "தினமும் நடங்க." நடந்தால்தான் வலிக்கிறதே! இந்த இடத்திலேயே பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இடுப்பு வலி, பழைய எலும்பு முறிவு, மூச்சு வாங்குதல் என்று வேறு காரணங்களால் உடற்பயிற்சி செய்ய முடியாதவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் தோராயமாக 100 முதல் 120 கலோரி செலவாகும். ஒரு மெதுவடையிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. நடை வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் அது நல்லது. ஆனால் எடை குறைவதில் பெரும்பங்கு தட்டில்தான் முடிவாகிறது. நடக்க முடியாதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை.

குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் பலன் உண்டு. முழங்கால் தேய்மானம் உள்ள, எடை அதிகமான முதியவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் 4 கிலோ அளவுக்குக் குறைவதைக் கண்டார்கள். 3 கிலோ குறைந்தால் 12 கிலோ. படி ஏறும்போது அதை உங்கள் காலே உணரும்.

படி 1: மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால், கீழே நான் சொல்லும் பருப்பும் சுண்டலும் உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தைராய்டு பரிசோதித்து நாளாகியிருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள்.

படி 2: சின்ன இலக்கு வையுங்கள்

80 கிலோ இருப்பவர் 60-க்கு வர வேண்டும் என்று தொடங்கினால் மலைப்புதான் வரும். இருக்கும் எடையில் 5 சதவீதம், அதாவது 4 கிலோ, முதல் இலக்காக இருக்கட்டும். 1 கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. தினமும் 400 கலோரி குறைத்தால் மாதம் 12,000. அதாவது ஒன்றரை கிலோ. மூன்று மாதத்தில் முதல் இலக்கு வந்துவிடும்.

'10 நாளில் 5 கிலோ' என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். சாப்பாட்டை வெகுவாகக் குறைத்ததும் உடலில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து கரைகிறது. அது தன்னைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி அந்த நீர்தான். பழையபடி சாப்பிட்டதும் திரும்பிவிடும்.

எடையோடு இடுப்புச் சுற்றளவையும் டேப்பில் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதே எல்லை.

படி 3: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டில், சாப்பிட்டதையெல்லாம், சாப்பிட்ட உடனே. இட்லி, சாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விட்டுப்போவது வேறு. ஒவ்வொரு காபியிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நான்கு காபிக்குச் சர்க்கரையிலேயே 160 கலோரி. டி.வி. பார்த்தபடி கொறித்த மிக்சர். பேரப்பிள்ளை மீதி வைத்த பூரி. ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது, கொட்ட மனசு வராமல் சாப்பிட்ட இரண்டு கரண்டி சாதம். நம் வீட்டுப் பெண்களின் எடைக்கு இந்தக் கடைசிச் சாதம் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டால் வீணாகவும் போகாது.

படி 4: எந்த உணவு முறை என்று முடிவு செய்யுங்கள்

பேலியோ, கீட்டோ, 16 மணி நேர விரதம், சிறுதானிய உணவு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இதில் எது சிறந்தது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைத்தும் மற்றதற்கு மாவுச்சத்தைக் குறைத்தும் ஓராண்டு பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவின்படி இரு பிரிவிலும் சராசரியாக 5, 6 கிலோ குறைந்திருந்தது. வித்தியாசம் பெரிதாக இல்லை. அதற்கு முன், 2005-இல், நான்கு பிரபல உணவு முறைகளை ஒப்பிட்ட இன்னொரு அமெரிக்க ஆய்விலும், எடை குறைந்தது எந்த முறை என்பதைப் பொறுத்து இல்லை. எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'எது சீக்கிரம் குறைக்கும்?' என்பதல்ல. 'ஆறு மாதம் கழித்தும் இதை நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேனா?' என்பதுதான். எந்த முறையை யார் சொன்னாலும் இவற்றை வைத்து உரசிப் பாருங்கள்:

அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? முழங்கால் வலி உள்ளவருக்கு இதுதான் முதல் கேள்வி. வீட்டுக்கு ஒரு சமையல், உங்களுக்குத் தனிச் சமையல் என்று ஆனால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். ஒரே குழம்பு, ஒரே பொரியலை எல்லோரும் சாப்பிட்டு, உங்கள் தட்டில் அளவு மட்டும் மாறுகிற முறைதான் நீடிக்கும்.

மாதச் செலவு தாங்குமா? அவகாடோ, பாதாம் மாவு என்று பட்டியல் நீண்டால் யோசியுங்கள். ரேஷன் கடைத் துவரம்பருப்பிலும் சந்தைக் காயிலும் நடக்கிற முறை வேண்டும்.

புரட்டாசி வந்தால் என்ன செய்வீர்கள்? கறியையும் முட்டையையும் மட்டும் நம்பிய முறை அந்த ஒரு மாதத்தில் ஆட்டம் காணும். கல்யாணம், வளைகாப்பு, பொங்கல் எல்லாம் வரத்தான் செய்யும். ஒரு நாள் மாறினால் மறுநாள் இயல்பாகத் தொடர முடிகிறதா என்று பாருங்கள்.

சிறுதானியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினையும் சாமையும் நல்லவை, நார்ச்சத்து அதிகம். ஆனால் 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் தினையிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். சீக்கிரம் வயிறு நிறைந்து குறைவாகச் சாப்பிட்டால்தான் பலன். அதே அளவு சாப்பிட்டால் எடையில் மாற்றம் இருக்காது.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், பெரும்பாலானவர்களுக்கு நம் வழக்கமான சாப்பாட்டையே அளவு மாற்றிச் சாப்பிடுவதுதான் சரிவரும் என்பது என் கருத்து.

படி 5: தட்டை மாற்றிப் பரிமாறுங்கள்

நம் தட்டில் நடுவில் சாதம் குவிந்திருக்கும், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் இருக்கும். இதைத் திருப்பிப் போட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் தட்டிலும் பாதி காய்கறியும் பழமும்தான்.

முதலில் தட்டில் பாதியைக் காயால் நிரப்புங்கள். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், சௌசௌ, வாழைத்தண்டு, கீரை எதுவானாலும் சரி. உருளைக்கிழங்கும் சேனையும் இந்தக் கணக்கில் சேராது, அவை சாதத்தின் இடத்தில் வரும். அடுத்த கால் பகுதி பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று புரதம். மீதிக் கால் பகுதிதான் சாதம். சமைத்த சாதம் 150 கிராம் போதும், அதில் சுமார் 195 கலோரி. வீட்டில் தராசு இருந்தால் ஒரே ஒரு முறை நிறுத்து, அது எந்தக் கிண்ணத்துக்குச் சரியாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் அந்தக் கிண்ணத்தாலேயே போடுங்கள். காயையும் பருப்பையும் பாதி சாப்பிட்ட பிறகு சாதத்தைத் தொட்டால், மறுசோறு கேட்கத் தோன்றாது.

புரதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உட்கார்ந்தே இருக்கும் உடலுக்குச் சாப்பாட்டையும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அது மெலிந்தால் எடை குறைந்தும் வலி குறையாது. 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த கொண்டைக்கடலை 150 கிராமில் சுமார் 13, தயிர் 200 கிராமில் 6 அல்லது 7, மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20. தண்ணீராக வைத்த சாம்பாரில் பருப்பு பேருக்குத்தான் இருக்கும். ஆளுக்கு 30 கிராம் பருப்பாவது விழுகிற மாதிரிக் கெட்டியாக வையுங்கள், 7 கிராம் வரை கிடைக்கும்.

நிற்கும் நேரத்தைக் குறைக்கவும் வழி உண்டு. பச்சைப்பயறு, காராமணி, கொண்டைக்கடலை இவற்றில் இரண்டை ஊறவைத்து ஒரே முறையில் குக்கரில் வேகவைத்து ஃபிரிஜ்ஜில் வைத்தால் மூன்று நாளுக்கு வரும். அரிவாள்மணையோடு தரையில் உட்கார வேண்டாம், மேசையில் பலகை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து நறுக்குங்கள்.

படி 6: எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

நடக்க முடியாதவர்களுக்கு நான் தரும் மிக முக்கியமான யோசனை இது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவானால், ஒருவருக்கு ஒரு நாளுக்கு 33 மில்லி. அதாவது சுமார் 275 கலோரி. அதையே இரண்டரை லிட்டராக்கினால் 170 சொச்சம். 100 கலோரி மிச்சம். உங்களால் நடக்க முடியாத அந்த அரை மணி நேர நடை இதிலேயே கிடைத்துவிடுகிறது, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து.

தூக்கிலிருந்து நேராக வாணலியில் சாய்க்கும் பழக்கத்தை விடுங்கள். மாதத் தொடக்கத்தில் இரண்டரை லிட்டரைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தாளிக்க 5 மில்லி ஸ்பூனில் இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் கேட்டால் மூடி போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேகவிடுங்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும்தான் எண்ணெயை அதிகம் குடிக்கும். அவற்றைக் குழம்பில் போட்டுவிட்டு, பொரியலுக்கு வேறு காய் எடுக்கலாம். தோசைக்கு நன்றாகப் பழகிய இரும்புக்கல், வெட்டிய வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும்.

படி 7: நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு பயிற்சி

வலி அதிகமில்லாத நாளில், உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி 5 நொடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. இரண்டாவது, உயரமான நாற்காலியில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்து உட்காருவது. வீக்கம் இருந்தாலோ அறுவை சிகிச்சை செய்திருந்தாலோ பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

படி 8: எடை நின்றுவிட்டால்

வாரம் ஒரு நாள், காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் முந்தின நாள் அப்பளமும் ஊறுகாயும் பிடித்து வைத்த நீரே அரை கிலோ கூட்டிக் காட்டி மனதைக் கெடுக்கும்.

சில மாதங்களில் எடை ஓரிடத்தில் நிற்கும். உடல் இலேசானால் அதற்குத் தேவைப்படும் கலோரியும் குறைகிறது, அதனால் பழைய அளவு இப்போது சரியாகப் போதுமானதாகிவிடுகிறது. மூன்று, நான்கு வாரம் அசையாமல் இருந்தால் நோட்டை எடுத்து மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். பெரும்பாலும் மாலை நேரத்து நொறுக்குத் தீனியோ எண்ணெயோ மெல்லக் கூடியிருக்கும். அப்படி இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டில் மட்டும் ஒரு இட்லி அல்லது அரைக் கரண்டி சாதம் குறையுங்கள், புரதத்தில் கை வைக்காதீர்கள். தலைசுற்றல், அதிகமாக முடி கொட்டுதல், நாற்காலியிலிருந்து எழவே பலமில்லாத சோர்வு இவற்றில் எது வந்தாலும் குறைப்பதை நிறுத்தி மருத்துவரிடம் நோட்டோடு போங்கள்.