பொலிகுதிரையைக் கணிப்பதில் நாம் செய்யும் தப்புகள்

போன ஆடியில், அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில், இரண்டு பையன்கள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். 14 மாத மார்வாரி இனக் குட்டி, நல்ல கருப்பு. கழுத்தைத் தூக்கி நிற்கிறது, காது நுனிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. “அண்ணா, இதோட அப்பன்கிட்டதான் நம்ம மூணு குதிரையையும் சேர்க்கப் போறோம். எப்படிங்கண்ணா இருக்கு?”

குட்டி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரையை, அதாவது பொலிகுதிரையைப் பற்றி, 10 வருடத்துக்கு முன்னால் இதே சந்தையில் இதே கேள்வியைக் கேட்டவன் நான். காகிதம், தடுப்பூசி, கிளாண்டர்ஸ் தொற்றுநோய்ப் பரிசோதனை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே குட்டியைப் பார்த்துக் காசு கட்டுவது

அன்று எனக்குக் காட்டியது 3 வயதுக் குட்டி. 62 அங்குலம், நடை தண்ணீர் போல. அங்கேயே முன்பணம் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற வயதான குதிரைக்காரர் ஒருவர், “ஏந் தம்பி, குட்டியப் பாத்த, செரி. அதோட தாயப் பாத்தியா?” என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு பெண் குதிரைகளை அனுப்பினேன். 11 மாதம் கழித்து முதல் குட்டி பிறந்தது. பின்னங்காலின் நடு மூட்டுகள் இரண்டும் மாட்டுக்கால் மாதிரி உள்ளே சாய்ந்திருந்தன. பிறந்த குட்டிக்குக் கொஞ்சம் அப்படி இருப்பது சகஜம், நேராகிவிடும் என்றார்கள். ஒரு வயது தாண்டியும் நேராகவில்லை. அடுத்த குட்டிக்குக் கிளிவாய். மேல்வரிசைப் பல் கீழ்வரிசைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது, புல்லை ஒழுங்காகக் கடிக்க முடியாது. இரண்டையும் விற்ற காசு தீவனச் செலவுக்கே காணவில்லை.

அதற்கப்புறம்தான் சந்தையில் காட்டிய குட்டியின் தாயைத் தேடிப் போனேன். 61 அங்குலப் பெண் குதிரை, கால்கள் தூண் மாதிரி. அதே லாயத்தில் அதன் இன்னொரு குட்டியும் நின்றது. அப்பன் ஏதோ ஒரு சாதாரணக் குதிரை, ஆனாலும் குட்டி அதே அழகு. நான் காசு கட்டிய பொலிகுதிரைக்குச் சுற்றுவட்டாரத்தில் பிறந்த வேறு 5 குட்டிகளையும் போய்ப் பார்த்தேன். 3 குட்டிகளுக்கு என் குட்டியின் பின்னங்கால். இந்தச் சுற்றை முன்னாலேயே போயிருந்தால் பெட்ரோல் செலவோடு முடிந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல்தான் வருகிறது.

குட்டியில் பாதி அப்பன், பாதி தாய் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். கருப்பையும் பாலும் தாயுடையவை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மிகப் பெரிய ஷயர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் இரண்டு விதமாகவும் கலந்து பார்த்து, முடிவை 1938-ல் வெளியிட்டார்கள். ஷயர் வயிற்றில் பிறந்த கலப்புக் குட்டி, ஷெட்லாண்ட் வயிற்றில் பிறந்ததைவிடப் பிறக்கும்போதே ஏறக்குறைய 3 மடங்கு எடை. இரண்டிலும் கலந்தது அதே இரண்டு இனம்தான். இது தெரியாமல், பெரிய தாய்க்குப் பிறந்த பெரிய குட்டியைக் காட்டி அப்பன் பெருமையைப் பேசுகிறோம்.

அதனால் இப்போது நான் முதலில் கேட்பது சுமாரான தாய்களுக்குப் பிறந்த குட்டிகளை. தாயைவிடக் குட்டி தேறியிருந்தால் அதில் அப்பனுக்குப் பங்கு இருக்கலாம். அதே தாய் வேறு குதிரைக்குப் போட்ட குட்டியும் கிடைத்தால் இன்னும் நல்லது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உரிமையாளர் பொறுக்கிக் காட்டும் குட்டிகளோடு நிறுத்தாமல், அவர் வாயில் வராத குட்டிகளையும் ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே குறை வேறு வேறு தாய்களின் குட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தால் கிளம்பிவிடுங்கள்.

சினைக் கணக்கை மேலோட்டமாகக் கேட்பது

“போன வருஷம் விட்டதெல்லாம் சினைங்க” என்பார்கள். எத்தனை சினைப்பருவத்தில் என்று கேளுங்கள். ஒரே பருவத்தில் சினை பிடித்ததும், மூன்று முறை கொண்டுபோய் அலைந்து பிடித்ததும் வருடக் கடைசியில் ஒரே கணக்காகத்தான் தெரியும். வண்டி வாடகை உங்களுடையது. பெண் குதிரை பக்கமும் கோளாறு இருக்கலாம், அதையும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

வெளித்தோற்றத்தில் இது தெரியவே தெரியாது. அமெரிக்காவில் தொடர்ந்து 16 பந்தயம் ஜெயித்த சிகார் என்ற குதிரை 1997-ல் பொலிக்கு வந்தது. 34 குதிரைகளோடு சேர்த்தார்கள், ஒன்றுகூடச் சினையாகவில்லை.

தான் ஓடியதை வைத்துக் குட்டியைக் கணிப்பது

செக்ரடேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை 1973 பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. பொலிகுதிரையாக அதன் பெயர் நின்றது பெண் குட்டிகளால்தான். பேர்போன பொலிகுதிரைகளான ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட், கான் வெஸ்ட் மூன்றும் அதன் மகள்கள் வயிற்றுப் பிள்ளைகள். 3 பந்தயம் மட்டுமே ஓடிய டான்சிக், பெரிய பெரிய பந்தயக் குதிரைகளுக்கு அப்பனாகியது.

சுழி, நிறம்

சந்தையில் விலை ஏற்றும். குட்டியின் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒரு வயதுக் குட்டிக்குத் தீர்ப்பு எழுதுவது

உயரம் ஏறக்குறைய 90 விழுக்காடு வந்திருக்கும், ஆனால் பின்புறம் முன்தோளைவிடத் தூக்கி நிற்கும். பொறுங்கள்.

நிற்க வைத்து எடுத்த வீடியோ

கணக்கில் சேராது. கெட்டித் தரையில் நேராக வரவும் போகவும் விட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன்களிடம் தாயைக் காட்டச் சொல்லச் சொன்னேன். அங்கேயே போன் போட்டார்கள். தாயை விற்றாயிற்று என்று பதில் வந்தது.

“எந்த ஊருக்குன்னு கேளு தம்பி” என்றேன்.