குடல் எரிச்சல் நோயுள்ளவர் எடையைக் குறைக்கத் திட்டமிடுவது எப்படி?

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயுள்ளவர் எடையைக் குறைக்க எண்ணினால், முதல் இரண்டு வாரங்களுக்கு உண்டவற்றையும் வயிற்றின் நிலையையும் ஒரு கொப்பியில் எழுதிவர வேண்டும். மலத்தில் இரத்தம், இரத்தச்சோகை, முயலாமலே எடை இறங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் முதலில் மருத்துவரைக் காண்பதே முறை.

பயறு, கடலை, பச்சைக் காய்கறி என அடுக்கும் வழக்கமான எடைக்குறைப்பு ஆலோசனைகள் இவர்களுக்கு வயிற்றுப் பொருமலையே தரக்கூடும். யாழ்ப்பாணச் சமையலில் பெரிய இடைஞ்சல் வெங்காயமும் உள்ளியுமே. அவற்றிலுள்ள ஃபிரக்டன் என்னும் காபோவைதரேற்று வகை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குகிறது. ஆயினும் அது நீரில் கரையுமேயன்றி எண்ணெயில் கரையாது என்பதால், உள்ளியை எண்ணெயில் வதக்கிப் பல்லை அகற்றிவிட்டு, அந்த எண்ணெயில் கறியைத் தாளிக்கலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 40 கலோரி உண்டு. அளவு தவறக் கூடாது.

காலையில் கோதுமைமாப் புட்டுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பூ குறைத்த அரிசிமாப் புட்டும், மதியம் அளவான சோற்றுடன் மீன், கரட், பொரிக்காத கத்தரிக்காய் ஆகியவையும் பொருந்தும். கட்டிப்பால் சொதியைத் தவிர்ப்பது இரு வகையிலும் நன்று. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் மனத்தை அடக்குவது கடினந்தான். பப்பாசி ஓரளவு ஈடுசெய்யும்.

இக்கட்டுப்பாட்டை 4 முதல் 6 வாரங்களுக்கு மேல் நீட்டாமல், விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். பட்டினி கிடந்துவிட்டு ஒரே வேளையில் நிறைய உண்பது குடலை மேலும் குழப்பும்.