தோட்டம், நாய், பூனையோடு நாலு கோழி: எங்கிருந்து தொடங்குவது?

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் கோழியை வாங்கிவிடுகிறார்கள். கூண்டு, வேலி, நாய் பற்றிய யோசனையெல்லாம் அப்புறம்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதித் தொல்லை குறையும். கோழி கூட்டமாக வாழும் பறவை, ஒற்றையாக வளர்க்காதீர்கள். மூன்று நான்கு பெட்டைகள் போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. உங்கள் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கூண்டு

ஒரு கோழிக்கு இரவில் தங்க 4 சதுர அடி, பகலில் உலவ 10 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். நாய் பலமாகப் பாய்ந்தால் அது கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான கம்பி வலைதான் சரி. தோண்டி நுழையும் பிராணிகளுக்காக வலையை ஒரு அடி ஆழம் புதையுங்கள்.

உள்ளே கோழி அடைவதற்கு ஒரு கட்டை வேண்டும். அது முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். கோழி உயரமான இடத்தில்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து, முட்டையிடும் இடத்தை எச்சமாக்கிவிடும். கூண்டைத் திறந்ததும் கண் எரிகிற நெடி வந்தால் காற்றோட்டம் பற்றவில்லை என்று அர்த்தம். மேல்பக்கம் இன்னும் கொஞ்சம் திறப்பு விடுங்கள்.

2. எந்த வயதுக் கோழி?

குஞ்சு பார்க்க அழகுதான். ஆனால் முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தரவேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். பூனை உள்ள வீட்டில் குஞ்சு என்றால் கண் அசரவே முடியாது. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது, 16 வாரம் தாண்டிய பெட்டையை வாங்குங்கள். வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

3. நாயும் பூனையும்

வளர்ந்த கோழியைப் பூனை பொதுவாகச் சீண்டாது. ஒரு கொத்து வாங்கினால் தள்ளியே நிற்கும். கவலை நாயைப் பற்றித்தான். முதல் சில நாள் கோழி வலைக்குள்ளும், நாய் வலைக்கு வெளியே கயிற்றிலும் இருக்கட்டும். நாய் மோப்பம் பிடித்துவிட்டு வேறுபக்கம் திரும்பினால் பாராட்டித் தின்ன ஏதாவது கொடுங்கள். உடம்பு விறைத்து, வால் அசையாமல், கண்ணை எடுக்காமல் பார்த்தால் அது வேட்டைப் பார்வை. அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கோழி படபடவென்று சிறகடிக்கும்போதும் நாய் உட்கார்ந்தே இருக்கப் பழகிய பிறகுதான் இரண்டையும் ஒரே இடத்தில் விடலாம், அதுவும் நீங்கள் கூட இருக்கும்போது மட்டும். என்ன பழக்கினாலும் சில நாய்களுக்கு இது ஒத்துவராது. அப்படியானால் நிரந்தரமாக வேலிதான்.

4. தோட்டம்

கோழி கிளறுவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இந்தக் காலால் ஒரு இழுப்பு, அந்தக் காலால் ஒரு இழுப்பு, ஒரு எட்டுப் பின்வாங்கிக் குனிந்து பார்க்கும், உடனே கொத்தும். புழுவும் போகும், கூடவே நேற்று நட்ட நாற்றும் போகும். நாற்றும் கீரையும் இருக்கும் பாத்திகளுக்கு வேலி கட்டாயம். வளர்ந்த செடிகளின் தூரைச் சுற்றிப் பெரிய கற்களை வைத்தால் வேர் தப்பிக்கும்.

என் கருத்தில், நாள் முழுக்கத் திறந்துவிடத் தேவையில்லை. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது விட்டால் போதும். பூச்சி பொறுக்கும், இருட்டத் தொடங்கியதும் தானாகவே கூண்டுக்கு வந்துவிடும். துரத்திப் பிடிக்கிற வேலை இல்லை. அறுவடை முடிந்த பாத்தியை மட்டும் நாள் முழுக்க அவற்றுக்கே கொடுத்துவிடலாம், களையும் விதையும் காலியாகிவிடும். கோழி உலவும் இடத்தில் எலி மருந்து, பூச்சிமருந்து, நத்தை மருந்து எதுவும் கூடாது.

புதிய எச்சத்தை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், செடி கருகிவிடும். காய்ந்த இலை, மரத்தூளோடு கலந்து சில மாதம் நன்றாக மக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். எரு உள்ள இடத்துக்கு நாய் வாய்வைக்கப் போகும், மூடி வையுங்கள்.

5. தீவனம்

முட்டையிடத் தொடங்கும்வரை வளர்பருவத் தீவனம், அப்புறம் முட்டைக்கோழித் தீவனம். முன்கூட்டியே மாற்றினால் அதிலுள்ள அதிகப்படியான சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமையலறை மிச்சம் கொஞ்சம் போடலாம். சாக்லேட், வெண்ணெய்ப்பழம், பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு வேண்டாம். தண்ணீர் ஒரு கோழிக்கு நாளுக்குக் கால் முதல் அரை லிட்டர் ஆகும், வெயிலில் இன்னும் கூடும். மாலையில் மிச்சத் தீவனத்தை எடுத்து வைத்தால் எலித் தொல்லை குறையும்.

6. தினமும் பார்க்க வேண்டியது

காலையில் திறக்கும்போது எந்தக் கோழி இறங்கவில்லை, எது இறகை உப்பிக்கொண்டு தனியாக நிற்கிறது என்று பாருங்கள். அதைப் பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கக் காய்ந்த புழுதி ஒரு மூலையில் இருக்கட்டும், இறகில் ஒட்டும் செள்ளுப்பூச்சி அண்டுவது குறையும். கோழியையும் முட்டையையும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள். பின்னால் புதுக்கோழி சேர்ப்பதாக இருந்தால் ஒரு மாதம் தனியாக வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.