பசங்களை கேள்வி கேக்க வைக்கிறது எப்படி? ஒரு அறிவியல் டீச்சரோட வழி

ஒன்னாங்கிளாஸ்ல ஏன் ஏன்னு உயிரை வாங்குன பசங்க ஏழாவது வந்ததும் வாயே திறக்க மாட்டேங்குதுன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் புலம்புறோம். பசங்க மாறல, நாமதான் கேப் விட மாட்டேங்கறோம்னு நான் நினைக்கறேன். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வகுப்புல நடக்குற பேச்சை டேப் பண்ணி கேட்டு 1970கள்ல எழுதுனாங்க, டீச்சர் ஒரு கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்ட் தான் காத்திருக்காங்களாம், அதையே 3 செகண்ட் ஆக்குனா பதில் நீளமா வருது, பசங்க தானா கேக்குற கேள்வியும் கூடுது.

அதனால முதல் வேலை இது தான். கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள ஒன்னு ரெண்டு மூணு எண்ணுங்க. பையன் பதில் சொன்னதும் உடனே வெரி குட் போடாம இன்னொரு மூணு எண்ணுங்க, பக்கத்து பெஞ்ச்ல இருந்து "இல்ல மிஸ்..."னு ஒரு குரல் வரும், அது தான் வேணும். ஆரம்பத்துல அந்த அமைதி ரொம்ப சங்கடமா இருக்கும், பழகிடும்.

அடுத்தது ஒரு அட்டைப்பெட்டி. பேர் எழுதாம கேள்வி மட்டும் சீட்டுல எழுதி போடச் சொல்லுங்க. எறும்பு ஏன் வரிசையா போகுது, சேப்பங்கிழங்கு இலைல தண்ணி ஏன் ஒட்டல, இந்த மாதிரி வரும், நடுவுல கிண்டலா ரெண்டும் வரும் கண்டுக்காதீங்க. வாரம் ஒரு பீரியட் எடுத்து பிரிங்க, பதில் மட்டும் சொல்லிடாதீங்க. புக்ல இருக்குறது ஒரு பக்கம், போன்ல தேடுனா கிடைக்கிறது ஒரு பக்கம், நாமளே செஞ்சு பார்த்தா தான் தெரியும்ங்கறது ஒரு பக்கம். மூணாவது குவியல்ல கை வைங்க.

எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது நிழல் தான். மத்தியானம் சூரியன் நேரா தலைக்கு மேல வரும்னு பெரியவங்க கூட சொல்லுவாங்க, வருதான்னு கேட்டுட்டு வெளிய கூட்டிட்டு போயிடுங்க. ஒரு மீட்டர் பிவிசி பைப், நூல்ல கல்லு கட்டி செங்குத்தா நிக்குதான்னு பார்த்து சமதளமான தரைல நட்டுடுங்க, 11:45ல இருந்து 12:40 வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலோட நுனில சாக்பீஸ் புள்ளி. எது குட்டையா இருக்கோ அது தான் வடக்கு தெற்கு கோடு. சூரியனை நேரா பார்க்கக் கூடாதுன்னு முதல்லயே கண்டிப்பா சொல்லிடுங்க.

சென்னையில ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் இதை ஆரம்பிச்சா மத்தியான நிழல் தெற்கு பக்கமா விழும், பசங்க திசை தப்பா இருக்குன்னு சண்டை போடுவாங்க, விடுங்க போடட்டும். வாரா வாரம் அளந்தா ஜூலைல குட்டையாகிட்டே வந்து ஆகஸ்ட் 18 வாக்குல காணாமலே போயிடும், அப்புறம் வடக்கு பக்கமா வளர ஆரம்பிக்கும். ஏப்ரல் 24 வாக்குலயும் இதே மாதிரி ஒரு நாள் வரும், ஆனா அது பரீட்சை நேரம். கன்னியாகுமரி பக்கம்னா செப்டம்பர் தொடக்கத்துல. டெல்லியிலன்னு யாராவது கேப்பாங்க, அங்க வரவே வராது, கடகரேகை 23.5 டிகிரியோட சூரியன் திரும்பிடுது. ஏன்ங்கறதை பசங்களே குளோபை வச்சு கண்டுபிடிக்கட்டும்.

போர்ஷன் யார் முடிக்கிறதுன்னு எச்எம் கேப்பாங்க. பூமியோட சுழற்சி, பருவகாலம், கோணம், கிராஃப் எல்லாம் இதுலயே வந்துடுது, லெசன் பிளான்ல அப்படியே எழுதிடுங்க, இல்லன்னா இது ஏதோ விளையாட்டுன்னு நினைப்பாங்க.

திட்டங்கள் வரும் போகும். 2003ல சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல ஏபிஎல், அதாவது செயல்வழிக் கற்றல் வந்துச்சு, ஆந்திராவுல ரிஷிவேலி பள்ளியோட முறையைப் பார்த்து செஞ்சது, பாடம் எல்லாம் அட்டைல, எந்த அட்டைக்கு அப்புறம் எதுன்னு காட்ட ஒரு ஏணிப்படி படம், டீச்சரும் பசங்களோட தரைல பாய்ல. 2007 வாக்குல மாநிலம் முழுக்க போச்சு. 2022ல சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர எண்ணும் எழுத்தும் திட்டம். எனக்கு ஏபிஎல் பிடிக்கும், பையன் அவன் வேகத்துல போகலாம், ஆனா அட்டைல கேள்வி நாம எழுதினது, அவனோடது இல்ல. அந்த ஒரு குறைக்கு தான் இந்த பெட்டி.

இனி ஏஐ விஷயம். பள்ளிக்கூடமே தேவைப்படாதுன்னு சிலர் பேசுறாங்க, எனக்கு அப்படி தோணல, ஆனா பதில் சொல்றது மட்டுமே நம்ம வேலைன்னு இருந்தா கஷ்டம் தான். போனை தடுக்காதீங்க, வரிசையை மட்டும் மாத்துங்க: முதல்ல பசங்க அவங்க யூகத்தை நோட்டுல பேனாவால எழுதணும், அப்புறம் போன், அப்புறம் சோதனை. நாம வட அரைக்கோளத்துல இருக்கோம் அதனால நிழல் வடக்கே தான் விழும்னு போன் பொத்தாம்பொதுவா சொன்னா, ஜூன் மாசத்து சாக்பீஸ் கோட்டை காட்டி எதிர்த்து கேக்க பசங்களால முடியும்.

ஆகஸ்ட் 18 அன்னைக்கு மேகமா இருந்தா டென்ஷன் ஆகாதீங்க, ரெண்டு நாள் முன்ன பின்ன ஆனாலும் ஒரு மீட்டர் பைப்புக்கு நிழல் ஒரு சென்டிமீட்டர் அளவு தான் வரும். உச்சி நேரம் 12ஐ தாண்டி பத்து பதினஞ்சு நிமிஷத்துல வரும், அதனால லஞ்ச் பெல்லை கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொல்லி முதல் நாளே எச்எம் கிட்ட கேட்டு வச்சிடுங்க.